மேரி கால்கின்ஸ் அம்மையார் ஏற்காத பட்டம்

உளவியலை ஒரு பாடமாகப் பயிலும் மாணவர் எவரும் வில்ஹெல்ம் வுண்ட், வில்லியம் ஜேம்ஸ், சிக்மண்ட் ஃபிராய்டு ஆகியோரின் பெயர்களைக் கேளாதிருத்தல் அரிது. அவ்வரிசையில் அமெரிக்க அறிஞர் மேரி வைட்டன் கால்கின்ஸ் அம்மையாரின் பெயர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. இடம்பெறினும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அமெரிக்க உளவியல் கழகத்தின் முதற் பெண் தலைவர் என்பதே அவ்வரி. அதனோடு நின்றுவிடாமல் அவர்தம் வாழ்வை முழுமையாக நோக்கப் புகுந்த நமக்கு, அவர் வகித்த பதவிகளைக் காட்டிலும் அவர் பெறாத ஒன்றே நெஞ்சில் நின்றது. முனைவர் பட்டத்துக்குரிய பணிகள் யாவற்றையும் குறைவறச் செய்து முடித்தும் அப்பட்டம் அவருக்கு மறுக்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து வேறொரு வாயில் வழியே பட்டம் அவரைத் தேடி வந்தது. அப்பொழுது மறுத்தவர் அவரே.

அம்மையார் 1863ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்தார். உடன்பிறந்தோர் ஐவருள் இவரே மூத்தவர். தந்தையார் வால்காட் கால்கின்ஸ் ஒரு கிறித்தவச் சமய குரு. கல்வியின்பால் அளவிறந்த பற்றுடையவர். மக்களின் படிப்பை இன்னவாறு அமைய வேண்டும் எனத் தாமே வகுத்து மேற்பார்த்தவர். தாயார் சார்லட் வைட்டன். தாய்வழிக் குடும்பப் பெயரே மகளின் பெயரில் நடுவே அமைந்துள்ளது. நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரில் இளமைப் பருவம் கழிந்தது. மகளுக்குப் பதினேழு வயதளவில் குடும்பம் மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூட்டன் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அவ்வூரில் எழுந்த வீடே அம்மையாருக்கு வாழ்நாள் முழுதும் இல்லமாயிற்று. திருமணம் செய்துகொள்ளாத அவர் பெற்றோரைப் பேணுதலைத் தம் கடனாகக் கொண்டிருந்தார். பிற்காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்து பணியாற்றும் அரிய வாய்ப்பொன்று வந்தபோதும், பெற்றோரைப் பிரிய மனமின்றி அதனை விடுத்தார்.

1882இல் ஸ்மித் கல்லூரியில் சேர்ந்தார். மறுவருடமே தங்கை மோட் இறந்துபோனாள். அத்துயரால் ஓராண்டுக் காலம் வீட்டிலிருந்தே படித்தார். பின்னர்க் கல்லூரிக்குத் திரும்பி, செவ்வியல் மொழிகளிலும் தத்துவத்திலும் தேர்ந்து 1885இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். அடுத்துக் குடும்பத்தாருடன் ஐரோப்பா சென்று, ஓராண்டுக்கு மேல் தங்கியிருந்து, கிரேக்க நாட்டையும் கண்டு வந்தார். திரும்பியதும் 1887இல், வீட்டிற்கு அண்மையிலிருந்த வெல்லெஸ்லி மகளிர் கல்லூரியில் கிரேக்கமொழி பயிற்றுநராகப் பணியேற்றார். இதுவரையில் உளவியல் என்னும் சொல்லுக்கு இவ்வரலாற்றில் இடமில்லை என்பதைப் படிப்போர் கவனித்திருப்பர். கிரேக்கம் கற்பித்தே வாழ்நாளைக் கழித்திருக்கக்கூடியவர் அவர்.

அக்காலத்தில் உளவியல் தத்துவத்தின் மடியிலிருந்து இறங்கிச் சொந்தக் காலில் நடக்கத் தொடங்கியிருந்தது. 1879இல் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நிறுவிய ஆய்வுக்கூடத்தைக் கண்டு அமெரிக்கக் கல்லூரிகளும் அப்புதிய துறைக்கு இடங்கொடுக்க முற்பட்டன. வெல்லெஸ்லியும் அதனை விரும்பியது. ஆயின் கற்பிக்க ஆளில்லை. சோதனை முறையில் உளவியல் பயின்ற பெண்கள் அந்நாளில் ஏறத்தாழ இல்லை எனலாம். எனவே, நன்கு கற்பிப்பவர் எனப் பெயர் பெற்றிருந்த இக்கிரேக்க ஆசிரியரை, ஓராண்டு வெளியே சென்று உளவியல் பயின்று வருமாறு கல்லூரி பணித்தது. எங்கே சென்று பயில்வது? மிச்சிகன், யேல் முதலிய இடங்கள் எண்ணிப் பார்க்கப்பட்டன. தொலைவு ஒருபுறம், சோதனை உளவியலுக்குரிய வசதிக் குறைவு மற்றொரு புறம். வீட்டிற்கு அருகிலேயே, கேம்பிரிட்ஜ் நகரில், ஹார்வர்டு பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே வில்லியம் ஜேம்ஸும் தத்துவ அறிஞர் ஜோசயா ராய்ஸும் பாடம் நடத்தினர். ஆனால் ஹார்வர்டு ஆண்களுக்கானது.

பெண்களுக்கு அங்கே கல்வியே இல்லை என்று கூறிவிடுதலும் பிழையாகும். 1879 முதல் ஹார்வர்டுப் பேராசிரியர்கள் சிலர் தனி இடத்தில் பெண்களுக்குப் பாடம் நடத்தி வந்தனர். அவ்வமைப்பே 1894இல் ராட்கிளிஃப் கல்லூரி எனப் பெயர் பூண்டது. அம்மையார் நாடியது அங்கே கிடைக்காத உயர்நிலை ஆய்வரங்குகளை. ஜேம்ஸும் ராய்ஸும் அவரைச் சேர்த்துக்கொள்ள இசைந்தனர். ஆணும் பெண்ணும் ஒருங்கே பயிலுதல் ஆகாது என்னும் கொள்கையுடைய பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட் இசையவில்லை. தந்தையார் மகளுக்காக மனு எழுதினார். வெல்லெஸ்லித் தலைவர் ஹெலன் ஷாஃபர் அம்மையாரும் கடிதம் கொடுத்தார். 1890 அக்டோபர் 1ஆம் நாள் ஆட்சிக்குழு ஒரு முடிவுக்கு வந்தது. வகுப்பில் அமரலாம், ஆனால் மாணவராகப் பதிவு பெறும் உரிமை இல்லை என்பதே அம்முடிவு. விருந்தினருக்கு இலை போட்டுவிட்டுப் பந்தியில் பெயர் சேர்க்காத கதையாயிற்று அது.

அவ்விலையில் விழுந்த விருந்தோ பெரிது. ஜேம்ஸின் உளவியல் நெறிகள் என்னும் பெருநூல் வெளிவந்த ஆண்டு அது. அவர் ஆய்வரங்கில் சேர்ந்திருந்த மற்ற ஆண் மாணவர்கள் தொடக்கத்திலேயே ஒவ்வொருவராக விலகிக்கொண்டனர். எஞ்சியவர் அம்மையார் ஒருவரே. நூலக அறையின் கணப்பருகே ஒரு புறம் ஜேம்ஸும் மறுபுறம் அவருமாக அமர்ந்து, அச்சின் ஈரம் காயாத அப்பெருநூலைப் பயின்றனர். உலகப் புகழ் பெற்ற ஆசிரியருக்கு ஒரே மாணவராய் அமரும் பேறு பதிவு பெற்ற மாணவர் பலருக்கும் வாய்ப்பதன்று. பதிவு பெறாதவருக்கு அது வாய்த்தது.

சோதனை முறைகளைக் கற்க அம்மையார் ஊஸ்டர் நகரத்து கிளார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்மண்ட் சான்ஃபோர்டை அணுகினார். இருவரும் 1891இல் மேற்கொண்ட கனவு ஆராய்ச்சியைச் சற்று விரித்துரைத்தல் தகும். அலாரம் கடிகாரத்தை இரவின் வெவ்வேறு நேரங்களுக்கு முடுக்கி வைத்து உறங்குவர். மணி ஒலித்ததும் எழுந்து, அப்பொழுது கண்ட கனவை அக்கணமே தாளில் எழுதிவிடுவர். காலையில் எழுதிக்கொள்ளலாம் என விடும் கனவு, எத்துணைத் தெளிவாக இருந்தாலும், மறைந்தே போகும் என்பதை அவர்கள் பட்டறிவால் அறிந்தனர். இவ்வாறு சில வாரங்களில் அம்மையார் திரட்டிய கனவுகள் 205. சான்ஃபோர்டு திரட்டியவை 170. அவற்றை இடம், காலம், மாந்தர், புலனுணர்வு என வகைப்படுத்திக் கணக்கிட்டு, கனவுகளிற் பெரும்பாலானவை அண்மையில் நாம் கண்ட மனிதரையும் இடங்களையும் நிகழ்ச்சிகளையும் கொண்டே பின்னப்படுகின்றன என்று அம்மையார் 1893இல் வெளியிட்டார். கனவென்றால் நிமித்தம் பார்ப்பதே வழக்கமாயிருந்த உலகில், கடிகாரமும் எழுதுகோலும் கொண்டு கனவை எண்ணிப் பார்த்த துணிவு வியப்பிற்குரியது. 1900ஆம் ஆண்டெனத் தேதியிட்டு வெளிவந்த ஃபிராய்டின் கனவு நூல் இவ்வாய்வைக் குறிப்பிடுகின்றது.

1891இல் வெல்லெஸ்லிக்குத் திரும்பிய அம்மையார் கல்லூரியின் பெருங்கட்டடத்து மேல்மாடியில் உளவியல் ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். மகளிர் கல்லூரி ஒன்றில் நிறுவப்பெற்ற முதல் உளவியல் ஆய்வுக்கூடம் அதுவே. கருவிகள் எளியவை, செலவும் மிகக் குறைவு. முதல் ஆண்டிலேயே ஐம்பதுக்கு மேற்பட்ட மாணவியர் அவரிடம் பயில வந்தனர்.

தாம் கற்றது போதாது என்னும் எண்ணம் அம்மையாரை விடவில்லை. அந்நேரத்தில் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரிலிருந்து ஹ்யூகோ மன்ஸ்டர்பெர்க் என்னும் இளம் பேராசிரியரை ஜேம்ஸ் ஹார்வர்டுக்கு வரவழைத்து ஆய்வுக்கூடப் பொறுப்பை ஒப்படைத்தார். அம்மையார் மீண்டும் அனுமதி வேண்டினார். மீண்டும் விருந்தினராகவே அனுமதிக்கப்பட்டார். முதலில் கற்பித்தலுக்கிடையே பகுதி நேரமாகவும், 1894-95இல் விடுப்புப் பெற்று முழு நேரமாகவும் மன்ஸ்டர்பெர்கின் கீழ் ஆராய்ந்தார்.

அவ்வாராய்ச்சி நினைவாற்றலைப் பற்றியது. ஒரு பொருள் மற்றொன்றை நினைவூட்டுவது எதனால் என்பதே வினா. அம்மையார் வண்ணத் தாள் ஒன்றைக் காட்டி, அதையடுத்து ஓர் எண்ணைக் காட்டுவார். இவ்வாறு பல இணைகளைக் காட்டிய பின், வண்ணங்களை மட்டும் வரிசை மாற்றிக் காட்டி உரிய எண்களைக் கேட்பார். சில இணைகள் பன்முறை வந்திருக்கும். சில, கண்ணைக் கவரும் வகையில் அமைந்திருக்கும். சில, கடைசியில் வந்திருக்கும். எது மிகுதியாக நினைவில் நிற்கிறது? பன்முறை வருதலே ஏனைய யாவற்றினும் வலிமையுடையது என அவர் கண்டார். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டை உருப்போட்ட நம் முன்னோர் இதனை எளிதில் ஒப்புவர். எனினும் எண்ணி அளந்து நிறுவியவர் அவரே. முடிவைக் காட்டிலும் முறையே நிலைத்தது. ஜெர்மானிய அறிஞர் ஜி. இ. முல்லர் அம்முறையைச் செப்பனிட்டார். பின்னர் அது உலகெங்கும் நினைவாற்றல் ஆய்வின் அடிப்படைக் கருவியாயிற்று. அக்கருவியைக் கையாண்டவர்களிற் பலர் அதனை வகுத்தவர் யார் என்பதை அறிந்திலர்.

1894ஆம் ஆண்டு இறுதியில் மன்ஸ்டர்பெர்க், தம்மிடம் பயில்வோருள் இவரே தலைசிறந்தவர் என எடுத்துரைத்து, முனைவர் பட்டத்துக்குரிய மாணவராக இவரை ஏற்குமாறு பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். விண்ணப்பம் தள்ளப்பட்டது. ஆசிரியர்கள் அதனோடு ஓயவில்லை. 1895 மே 28ஆம் நாள், ஆட்சிக்குழுவின் ஒப்புதல் இன்றியே, அம்மையாருக்கு முனைவர் பட்டத் தேர்வு ஒன்றை நடத்தினர். ஜேம்ஸ், ராய்ஸ், மன்ஸ்டர்பெர்க், பாமர், சந்தயானா முதலியோர் எதிரே அமர்ந்து வினவினர். நம் துறைகளில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்காகக் காத்திருக்கும் நண்பர்களின் முகத்தை நாம் கண்டிருக்கிறோம். தேறினால் பட்டம் உண்டு என்னும் உறுதி அவர்களுக்கு உண்டு. தேறினாலும் பட்டம் இல்லை என்பதை அறிந்தே அத்தேர்வுக்கு அமர்ந்தவர் இவர். தேர்வு நடத்தியோர் அனைவரும், பட்டத்துக்குரிய தகுதிகள் யாவும் நிறைவேறின என ஒருமனதாக அறிவித்தனர். இதனினும் சிறந்த தேர்வைத் தாம் ஹார்வர்டில் கண்டதில்லை என்பது ஜேம்ஸின் கருத்து. பல்கலைக்கழகம் அறிக்கையைப் பெற்றுக்கொண்டது, பட்டம் தரவில்லை. பெண் என்பதே காரணம்.

அம்மையார் வெல்லெஸ்லிக்குத் திரும்பி வகுப்பெடுத்தார். அதே 1895ஆம் ஆண்டில் அவர் ஈடுபட்ட மற்றொரு வழக்கையும் இங்கே குறிப்பிடுதல் வேண்டும். விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசஃப் ஜாஸ்ட்ரோ, ஆண் மாணவரையும் பெண் மாணவரையும் நினைவுக்கு வரும் நூறு சொற்களை எழுதச் செய்து, அச்சொற்களைக் கொண்டு இருபாலாரின் மனப்போக்கும் வேறுபட்டவை என முடிவு கட்டியிருந்தார். அம்மையாரின் வழிகாட்டுதலில் அதே சோதனை வெல்லெஸ்லி மாணவியரிடம் செய்யப்பட்டபோது வேறு விடை கிடைத்தது. பிறந்தது முதல் இருபாலாரின் வளர்ப்பும் சூழலும் பயிற்சியும் வேறுபட்டிருக்க, அவற்றின் விளைவைப் பிரித்தெடுக்காமல் இயற்கையான மனவேறுபாடு எனக் கூறுவது அறிவியலாகாது என்று அவர் வாதிட்டார். தம் சொந்தக் குறையை முன்வைத்து எழுதவில்லை. சோதனையின் குறையைக் காட்டியே எழுதினார்.

1902ஆம் ஆண்டு வந்தது. ராட்கிளிஃப் கல்லூரி முனைவர் பட்டம் வழங்கும் உரிமை பெற்று, ஹார்வர்டில் படிப்பை முடித்தும் பட்டம் பெறாத பெண்கள் நால்வருக்கு அதனை அளிக்க முன்வந்தது. மற்ற மூவரும் ஏற்றனர். அவர்களை நாம் குறைகூற மாட்டோம். உழைப்புக்குரிய அடையாளத்தை நாடுதல் எவ்வகையிலும் தவறாகாது. மன்ஸ்டர்பெர்கும் ஏற்றுக்கொள்ளுமாறே அம்மையாரை வற்புறுத்தினார். பட்டம் இல்லாதவர் ஒரு பெரிய துறைக்குத் தலைமை தாங்குவதில் நேரும் இடர்ப்பாடு அவருக்கே நன்கு தெரியும். ஏற்பது எளிது, பயனும் உண்டு என்பதை ராட்கிளிஃப் முதல்வர் ஆக்னஸ் இர்வினுக்கு எழுதிய விடையில் அவர் மறைக்கவில்லை. ஆனால் தாம் பயின்றது ஹார்வர்டில். ராட்கிளிஃபில் தாம் மாணவராக இருந்ததே இல்லை. ஹார்வர்டு தரவேண்டியதற்கு ஈடாக வேறொன்றைப் பெற்றுக்கொண்டால், பெண்களுக்கு ஹார்வர்டின் பட்டம் வேண்டியதில்லை என்பதற்குத் தாமே உடன்பட்டதாகிவிடும் எனக் கருதினார். எனவே நன்றி கூறி மறுத்துவிட்டார். சினமோ ஏளனமோ அக்கடிதத்தில் இல்லை.

இம்மறுப்பைப் பிடிவாதம் என்பாரும் உளர். ஏற்றிருந்தால் அடுத்து வரும் பெண்களுக்கு அது முன்னுதாரணமாக இருந்திருக்கும் என்னும் வாதத்திலும் பொருள் இல்லாமலில்லை. நம் கருத்தோ வேறு. அவருடைய ஆய்வு முழுதும் ஒன்றோடு ஒன்று எவ்வாறு உண்மையாக இணைகிறது என்பதைப் பற்றியது. வேலை செய்த இடம் ஒன்று, சான்று தரும் இடம் வேறொன்று என்னும் பொய்யான இணைப்பை அவர் மனம் எங்ஙனம் ஒப்பும்?

பட்டம் இல்லாமையால் அவர் புகழ் குன்றவில்லை. 1898இல் பேராசிரியரானார். ஆய்வுக்கூடப் பொறுப்பை எலினர் கேம்பிள் அம்மையாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கோட்பாட்டாய்வில் மிகுதியும் ஈடுபட்டார். 1901இல் உளவியலுக்கு ஓர் அறிமுக நூலும், 1907இல் தத்துவத்தின் நிலைத்த சிக்கல்கள் பற்றிய நூலும், 1909இல் உளவியலில் முதற்பாட நூலும், 1918இல் நல்ல மனிதனையும் நன்மையையும் பற்றிய நூலும் வெளிவந்தன. அமெரிக்காவின் தலைசிறந்த உளவியலாளர் ஐம்பதின்மரைத் தெரிந்தெடுக்க 1903இல் சக அறிஞர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டபோது, அம்மையார் பன்னிரண்டாம் இடம் பெற்றார். 1905இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவரானார். 1918இல் அமெரிக்கத் தத்துவக் கழகத்தின் முதற் பெண் தலைவரும் ஆனார். கொலம்பியாவும் ஸ்மித் கல்லூரியும் 1909, 1910ஆம் ஆண்டுகளில் மதிப்புறு பட்டங்கள் அளித்தன. அவற்றை அவர் ஏற்றுக்கொண்டார்.

ஹார்வர்டு வளாகத்து உணவு விடுதி ஒன்றில் நேர்ந்த நிகழ்ச்சியை அம்மையார் பிற்காலத்தில் நகைச்சுவையோடு எழுதியுள்ளார். உளவியல் கழகத்துக் குழுவினருக்கு மன்ஸ்டர்பெர்க் அங்கே பகலுணவுக் கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார். தலைமைப் பரிசாரகர் வழிமறித்தார். பெண் எவரும் பெரிய கூடத்தில் கால் வைக்கலாகாது. ஒரே ஒரு பெண்ணுக்காக இத்தனை ஆண்களைப் பெண்டிர் உண்ணும் அறைக்குள் விடவும் இயலாது என்றார். அறிஞர் குழு முழுதும் வாயிலில் நின்றது. வாதாடி உள்ளே அழைத்துச் சென்றவர் மன்ஸ்டர்பெர்க்.

அம்மையாரின் கோட்பாட்டைச் சுருக்கமாகவேனும் கூறாமல் விடுதல் தகாது. மனத்தைத் தனித்தனி உணர்வுத் துகள்களாகப் பகுத்துக் காண்போர் ஒரு சாராரும், மனத்தின் செயலை மட்டும் காண்போர் மற்றொரு சாராருமாக அந்நாளைய உளவியலார் பிரிந்து நின்றனர். 1913க்குப் பின் வாட்சன் தலைமையில் எழுந்த நடத்தையியலாரோ மனம் என்னும் சொல்லையே நீக்கிவிட முனைந்தனர். இவர்கள் அனைவருக்கும் அம்மையார் விடுத்த வினா ஒன்றே. உணர்வு என்றால் யாருடைய உணர்வு? நினைவு என்றால் யார் நினைக்கிறார்? நான் என்று தன்னை அறியும் ஒருவர் இன்றி எந்த மன அனுபவமும் இல்லை. எனவே உளவியலின் முதற்பொருள் அத்தான் என்பதே என்றார். அத்தானும் தனித்து நிற்பதன்று. பிற மனிதரோடும் பொருள்களோடும் உறவுகொண்டே வாழ்வது என்றார். 1900 முதல் முப்பது ஆண்டுகள் இதனை எழுதியும் பேசியும் வந்தார். கேட்டோர் சிலரே. காற்று நடத்தையியலின் பக்கம் வீசிய காலம் அது. உளவியல் பின்னாளில் தன்னுணர்வு பற்றிய ஆய்வுக்குத் திரும்பியபோதும், இவர் பெயர் போதிய அளவு நினைக்கப்படவில்லை.

1914 மார்ச் 17ஆம் நாள் விடியற்காலையில் வெல்லெஸ்லிக் கல்லூரியின் பெருங்கட்டடம் தீக்கிரையானது. மேல்மாடியிலிருந்த உளவியல் ஆய்வுக்கூடமும் கருவிகளும் அழிந்தன. முதல் உலகப்போர் முடிந்த வேளையில் மற்றொரு சோதனை வந்தது. போரை எதிர்த்த எமிலி பால்ச் என்னும் சக பேராசிரியருக்குக் கல்லூரி பணி நீட்டிப்பு மறுத்தது. (1946இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் இவரே.) தாமும் அதே கொள்கை உடையவராதலின் தம்மையும் விடுவிக்குமாறு அம்மையார் பணிவிலகல் தர முன்வந்தார். ஆட்சிக்குழு அதனை ஏற்கவில்லை. ராட்கிளிஃபுக்கு நேர்ந்த மறுப்பையும் வெல்லெஸ்லியில் நீட்டிய இவ்விலகலையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒரே கையெழுத்துத் தெரிகிறது.

1927இல், எட்வர்டு தார்ன்டைக் உள்ளிட்ட ஹார்வர்டு பழைய மாணவர்களாகிய அறிஞர் சிலர், இனியேனும் அம்மையாருக்கு உரிய பட்டத்தை வழங்குமாறு பல்கலைக்கழகத்தை வேண்டினர். அதற்குத் தக்க காரணம் ஏதும் தோன்றவில்லை என்பதே மறுமொழியாயிற்று. தேர்வு நடந்து 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மையாருக்கு வயது 64.

1929இல் ஓய்வு பெற்ற அவர், தாயாருடன் அமைதியாகக் காலங்கழித்து எழுத எண்ணியிருந்தார். புற்றுநோய் இடங்கொடுக்கவில்லை. 1930 பிப்ரவரி 26ஆம் நாள் நியூட்டன் இல்லத்தில் உயிர் நீத்தார். அவ்வாண்டு வெளியான உளவியலறிஞர்களின் தன்வரலாற்றுத் தொகுதியில் அவருடைய கட்டுரையும் இடம்பெற்றது. ஹார்வர்டைப் பற்றி அதில் அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி ஜேம்ஸுக்கும் ராய்ஸுக்கும் மன்ஸ்டர்பெர்குக்கும் செலுத்திய நன்றியே. கிடைக்காத பட்டத்தைப் பற்றிய செய்தி ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறது. ஏனைய பக்கங்களை எல்லாம் தான் என்பதைப் பற்றிய தம் கோட்பாட்டுக்கே ஒதுக்கியுள்ளார்.

ஹார்வர்டு தன் பெயரில் பெண்களுக்கு முனைவர் பட்டம் வழங்கத் தொடங்கியது 1963இல். அம்மையார் பிறந்து அப்பொழுது சரியாக நூறாண்டு. அவர் மறைவுக்குப் பின்னரும் பட்டம் கோரி வேண்டுகோள்கள் சென்றன, பட்டம் வழங்கப்படவில்லை. 1890 அக்டோபர் 1ஆம் நாளின் குறிப்பு மட்டும் ஆவணத்தில் உள்ளது.